யன்மார் 2ஜிஎம்20எஃப்: சூடேறும் பழைய எஞ்சினை நம்பி வாங்கலாமா?

1980களிலும் 90களிலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கட்டிய முப்பதடிப் பாய்மரப் படகை விலைக்குப் பார்க்கப் போகிறவர், கேபின் படிக்கட்டைக் கழற்றி எட்டிப் பார்த்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு யன்மார் ஜிஎம் எஞ்சின் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு சிலிண்டர் 1ஜிஎம்10, இரண்டு சிலிண்டர் 2ஜிஎம்20, மூன்று சிலிண்டர் 3ஜிஎம்30 என்று வரும் குடும்பம் இது. நடுப்பிள்ளையான 2ஜிஎம்20 பற்றித்தான் இந்த மதிப்பீடு. 636 சிசி, 3600 ஆர்பிஎம்மில் 18 குதிரைத்திறன், தொடர்ந்து ஓட்ட 3400ல் 16. 2000களின் நடுவில் ஒய்எம் வரிசை இதன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் பழையவை இன்னும் ஏராளமாக ஓடுகின்றன, உதிரி பாகமும் கிடைக்கிறது.

பழைய 2ஜிஎம் விற்பவர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “கொஞ்சம் வேகமாகப் போனால் ஹீட் ஆகுது.” இந்த ஒரு வரிக்காக விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு, பயந்து திரும்பிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். இந்த எஞ்சினின் சூட்டுக்குப் பெரும்பாலான நேரம் காரணம் எஞ்சினே இல்லை. அதற்குள் தண்ணீர் போய் வரும் வழி. அந்த வழியில் எந்த இடம் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்.

முதலில் எஞ்சினின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். கடைசியில் ‘எஃப்’ எழுத்து இருக்கிறதா? 2ஜிஎம்20எஃப் என்றால் காரில் இருப்பது போலக் கூலன்ட் எஞ்சினுக்குள் சுற்றும். கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய் அந்தக் கூலன்டைக் குளிரவைத்துவிட்டு, புகையோடு சேர்ந்து பின்பக்கம் வெளியேறும். வெறும் 2ஜிஎம்20 என்றால் கடல்நீரே நேராக, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள்ளும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளும் புகுந்து வரும். இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே சத்தம். ஆனால் சூடேறும் விதம் வேறு, வைத்தியம் வேறு, முப்பது வருடம் கழித்து மிஞ்சியிருக்கும் ஆயுளும் வேறு.

சூடு ஏறியதும் தண்ணீர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டிலேயே இந்த வித்தியாசம் தெரியும். கடல்நீர் மாடலில் அது 42 டிகிரியில் திறக்கத் தொடங்கி 52ல் முழுதும் திறக்கும். எஃப் மாடலில் 71ல் தொடங்கி 85ல் முழுதும் திறக்கும். கடல்நீரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு வேகமாகச் சுவரில் படியத் தொடங்கும். அதனால்தான் கடல்நீர் மாடலை வேண்டுமென்றே குளிராக ஓட வைத்தார்கள். குளிராக ஓடும் டீசல் எஞ்சினில் எரிப்பு முழுமையாகாது, கரி கூடும், சிலிண்டர் தேய்வும் கூடும். எஃப் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று தயங்காமல் சொல்வதற்கு இதுவே காரணம். எஃப் தெர்மோஸ்டாட்டைக் கடல்நீர் எஞ்சினில் மாட்டி வைத்திருப்பதையும் சில படகுகளில் பார்க்கலாம். அப்படி ஒரு சீசன் ஓடினாலே தண்ணீர் வழிகள் கல்லாகத் தொடங்கிவிடும்.

சூட்டின் காரணத்தை, அது எப்போது ஏறுகிறது என்பதே பாதி சொல்லிவிடும். ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடத்திலேயே சூட்டை எச்சரிக்கும் பஸ்ஸர் அடிக்கிறது, பின்னால் தண்ணீர் குறைவாக வருகிறது அல்லது ஆவியாக வருகிறது என்றால் கடல்நீர் வரவில்லை. 2000 ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக நிம்மதியாக ஓடி, 2800க்கு மேல் போனால் மட்டும் ஏறுகிறது என்றால் எங்கோ பாதி அடைப்பு, அல்லது எஞ்சினுக்குச் சுமை அதிகம். கடல்நீர் தாராளமாக வந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் கசிவு, ஏர் லாக் (வழியில் சிக்கிய காற்று), கடைசியாக பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். நிறுத்திய பிறகு ஒரு நிமிடம் பஸ்ஸர் அடித்தால் பெரும்பாலும் பயமில்லை. ஓட்டி முடித்ததும் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தினால் போதும்.

கடலில் பஸ்ஸர் அடித்தால் முதல் வேலை பாயை ஏற்றுவது. த்ராட்டிலை ஐடிலுக்கு இறக்கி, பின்னால் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கடல்நீர் இல்லாமல், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரும் எக்ஸாஸ்ட் ஹோஸும் சில நிமிடத்தில் வெந்துவிடும். கூலன்ட் மூடியைச் சூடாக இருக்கும்போது தொடவே வேண்டாம். அந்த மூடி கிட்டத்தட்ட 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் கிடக்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் கொதித்து எழும்.

இனி தண்ணீர் வரும் வழியிலேயே போவோம். படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் சீகாக் வால்வு முழுதும் திறந்திருக்கிறதா? ஹோஸைக் கழற்றி வால்வை ஒரு நொடி திறந்து பாருங்கள், தண்ணீர் வேகமாகப் பொங்கி வர வேண்டும். சொட்டினால் வெளியே சிப்பியோ பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறது. அடுத்தது அந்தத் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெயினர். கூடையைக் கழுவுவதோடு நிறுத்தாமல் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெயினர் கடல் மட்டத்துக்கு மேலே இருந்தால், அந்த ஓ-ரிங்கில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியாது. பம்ப் உறிஞ்சும்போது காற்று உள்ளே போகும். கண்ணாடி மூடி என்றால் எஞ்சின் ஓடும்போது உள்ளே சோடா போல நுரை தெரியும். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தடவி மூடினால் தீரும் பிரச்சினைக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாற்றியவர்கள் உண்டு.

பம்ப் விஷயத்தில் யன்மாருக்கு முழு மதிப்பெண் தர முடியாது. எஃப் மாடலில் கடல்நீர் பம்ப் தனியாக ஒரு சின்ன பெல்ட்டில் ஓடுகிறது, அதன் மூடியோ பின்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. படகுக்குள் குனிந்து, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். ஒரு ஸ்க்ரூ படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. பம்பை முழுதாக இறக்கி வெளிச்சத்தில் வைத்து இம்பெல்லரை மாற்றுவதே சுலபம். ஸ்க்ரூ இல்லாமல் கைத்திருகாணியில் நிற்கும் மூடிகளும் விற்கிறார்கள், இந்த எஞ்சினுக்கு அவை கொடுத்த காசுக்குத் தகும்.

இம்பெல்லரைக் கையில் எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போடக் கூடாது. துண்டு தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாசலில் குழாய்களுக்குக் குறுக்கே படுத்திருக்கும். இதழ்கள் முழுதாக இருந்தாலும் அடிவாரத்தில் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், அல்லது வளைந்தபடியே நின்று நிமிரவில்லை என்றால், தூக்கிப் போட வேண்டியதுதான். பம்ப் மூடியின் உட்புறத்தில் இம்பெல்லர் உரசிய வட்டத் தடம் நகத்தில் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் மூடியைச் சமதளக் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துத் தேய்க்கலாம், அல்லது மாற்றலாம். மூடிக்கும் இம்பெல்லருக்கும் நடுவே இடைவெளி கூடினால் பம்பின் உறிஞ்சும் வலு போய்விடும். தடித்த கேஸ்கெட் போடுவதும் அதே தவறுதான். பம்பின் கழுத்துக்கு அடியில் இருக்கும் சின்னத் துளையில் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் சொட்டு பெல்ட்டில் தெறித்து, பெல்ட் வழுக்கி, பம்ப் மெதுவாகச் சுற்றி, அதுவே சூட்டுக்குக் காரணமாவதும் உண்டு.

எஃப் மாடலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், கூலன்ட் தொட்டி மூன்றும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் இருக்கின்றன. இடம் மிச்சம், ஹோஸ் குறைவு, நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே இருக்கும் குழாய்க் கட்டு வேறு உலோகம், அதனால் சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது பெரும்பாலும் உப்பு அல்ல. மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரையும் துத்தநாக ஆனோடிலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறத் துகள்களும் பழைய இம்பெல்லர்களின் ரப்பர் துணுக்குகளும்தான். மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொரு குழாயாகத் தள்ளினாலே பாதிச் சூடு இறங்கிவிடும். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழியும். கெட்டியான படிவு இருந்தால் குழாய்க் கட்டை வெளியே இழுத்து, தனிப் பாத்திரத்தில் அமிலத்தில் ஊற வைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அலுமினிய வார்ப்புக்குள்ளேயே ஊற்றியவர்கள் அந்த வார்ப்பைத் திரும்ப வாங்க நேரிடும்.

இப்போது இந்த எஞ்சினின் பெரிய பலவீனத்துக்கு வருவோம்: எக்ஸாஸ்ட் மிக்ஸிங் எல்போ. சூடான புகையும் கடல்நீரும் முதன்முதலில் சந்திக்கும் வளைவு அது. வார்ப்பிரும்பு, உப்புநீர், சூடு, கரி என்று நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? புகை வரும் பக்கத்தில் அடுப்புக் கரி போலக் கெட்டியாக அடை அப்பும். தண்ணீர் வரும் சின்னத் துளையில் துருவும் உப்பும் சேர்ந்து கட்டி தட்டும். கழற்றிப் பார்த்தால், இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல் நுனிகூடப் போகாத எல்போக்கள் அபூர்வமல்ல. துறைமுகத்தில் நங்கூரமிட்டு, பேட்டரி சார்ஜ் ஆவதற்காக மட்டும் குறைந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டிய படகுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் சுமையில்லாத டீசல் எஞ்சின் கரியைத்தான் துப்பும்.

எல்போ அடைத்தால் சூடு மட்டும் ஏறாது. புகை வெளியேற முடியாமல் எஞ்சின் மூச்சுத் திணறும். கியரில் முழு த்ராட்டில் கொடுத்தாலும் 3400ஐத் தொடாது, கருப்புப் புகை தள்ளும். கியரில் ஆர்பிஎம் ஏறாமல் சூடும் ஏறினால் முதலில் எல்போவைக் கழற்றுங்கள். எல்போ சுத்தமாக இருந்தால் தண்ணீருக்கு அடியில் இறங்கி ப்ரொப்பல்லரையும் அடிப்பாகத்தையும் பாருங்கள். சிப்பி அப்பிய ப்ரொப்பல்லரும், எஞ்சினுக்கு மீறிய பிட்ச் (இதழின் சாய்வு) கொண்ட ப்ரொப்பல்லரும் இதே அறிகுறியைத்தான் காட்டும். ஹல் சுத்தம், ப்ரொப்பல்லர் சரி, எல்போ சரி என்ற பிறகே மற்ற சந்தேகங்கள்.

யன்மார் எல்போவை ஆண்டுக்கொரு முறை, அல்லது 250 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்ல பழக்கம். கரியைச் சுரண்டிவிட்டு மறுபடியும் மாட்டலாம். ஆனால் உட்சுவர் அரித்து மெலிந்திருந்தால் மாட்டக் கூடாது. அந்தச் சுவரில் துளை விழுந்தால் கடல்நீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். அதோடு ஒப்பிட்டால் சூடேறுவது சின்னத் தொல்லை. வார்ப்பிரும்பு எல்போவை ஆயுள்காலப் பாகம் என்று நினைக்காமல், ஐந்தாறு வருடத்தில் தேய்ந்து போகும் சாமானாகக் கணக்கில் வையுங்கள். சந்தையில் துருப்பிடிக்காத எஃகு எல்போக்கள் விலை கூடுதலாகக் கிடைக்கின்றன. கரி அதிலும் படியும், ஆனால் துரு வேலை குறையும், சுத்தம் செய்வதும் சுலபம். நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அதுவே மேல்.

கடல்நீர் மாடல் வைத்திருப்பவர்களை ஏமாற்றும் அறிகுறி ஒன்று இருக்கிறது. பின்னால் தண்ணீர் அருவி மாதிரி கொட்டும், எஞ்சினோ கொதிக்கும். பம்பிலிருந்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு பிளாக்குக்குள், இன்னொரு பங்கு பைபாஸ் ஹோஸ் வழியாக நேராக எக்ஸாஸ்டுக்கு. பிளாக்கின் வழி உப்பும் துருவும் கட்டி அடைத்துவிட்டால், தண்ணீர் முழுதும் பைபாஸ் வழியே ஓடிவிடும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். சோதனை சுலபம்: எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்து ஓடும்போது பைபாஸ் ஹோஸை கிளாம்ப்பால் சில நொடி இறுக்குங்கள். பின்னால் வரும் தண்ணீர் சட்டென்று நூலாகிவிட்டால் பிளாக் அடைத்திருக்கிறது. குறையாமல் வந்தால் பிளாக் நன்றாக இருக்கிறது. பிளாக்குக்குத் தண்ணீர் நுழையும் வளைந்த இணைப்பையும் கழற்றிப் பாருங்கள். முதலில் அடைப்பது பெரும்பாலும் அந்தக் குறுகிய கழுத்துதான், அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரே போதும்.

பிளாக்கே அடைத்திருந்தால் பார்னக்கிள் பஸ்டர், ரிட்லைம் போன்ற படிவு கரைப்பான்கள் வேலை செய்யும். தெர்மோஸ்டாட்டையும் துத்தநாக ஆனோடுகளையும் முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அமிலம் படிவை விட்டுவிட்டு ஆனோடைத் தின்னும். ஆனோட் இருந்த துளைகளை பிளக்கால் அடைத்து, ஒரு பக்கெட்டும் சின்ன பில்ஜ் பம்பும் வைத்து டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, நுரை நிற்கும் வரை சில மணி நேரம் சுற்ற விடுங்கள். நுரைப்பது சுண்ணாம்பு கரைவது. துரு இதில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே நுரை நின்ற பிறகும் கிளாம்ப் சோதனையில் தண்ணீர் மெலிந்தே வந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முப்பது வருடம் உப்புநீர் குடித்த பிளாக்கில் அந்தச் செலவு செய்யலாமா என்பது வேறு கேள்வி. செய்ய வேண்டாம் என்பதே எங்கள் பதில். அந்தப் பணம் வேறொரு எஃப் எஞ்சினுக்குப் போகட்டும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்படியே போதும். பாத்திரத்தில் தண்ணீர், நூலில் கட்டித் தொங்கும் தெர்மோஸ்டாட், ஒரு தெர்மாமீட்டர். மேலே சொன்ன எண்களில் திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது வைத்தியமல்ல. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் கரி கட்டும், உண்மையான அடைப்பும் மறைந்துபோகும்.

கூலன்ட் பக்கத்தில் அதிகம் தவறுவது ஏர் லாக். வெந்நீர்த் தொட்டி வைத்த படகில் அதன் ஹோஸ்கள் எஞ்சினின் கூலன்ட் மூடியைவிட உயரமாகப் போனால் காற்று அங்கே தேங்கும். அந்த இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரே ஹோஸால் எஞ்சினிலேயே இணைத்து ஓட்டிப் பாருங்கள். சூடு நின்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. தொட்டியில் இடைவிடாமல் குமிழி வந்தால், கூலன்டும் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது பொய் சொல்லும், அதனால் அளக்கும் இடங்களில் கருப்பு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள்: தெர்மோஸ்டாட் இருக்கும் கூடு, எக்ஸ்சேஞ்சருக்குள் கடல்நீர் போகும் முனை, வெளியே வரும் முனை, எல்போவுக்குப் பிறகு எக்ஸாஸ்ட் ஹோஸ். ஹோஸ் கை வைக்கிற சூட்டில் இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடும் நாளில் 2000லும் 2800லும் இந்த எண்களை எழுதி வைத்தால், கெட்ட நாளில் எந்த முனையில் மாறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். எண்களோடு கடல்நீரின் சூட்டையும் எழுதுங்கள். வட ஐரோப்பாவில் 15 டிகிரித் தண்ணீரில் தெரியாமல் இருந்த பாதி அடைப்பு, லங்காவியிலோ திருகோணமலையிலோ 29, 30 டிகிரித் தண்ணீரில் பஸ்ஸரை அடிக்க வைக்கும். எஞ்சின் அங்கே வந்து கெட்டதல்ல, கெட்டபடியேதான் வந்தது. பல பேனல்களில் சூட்டுமானியே கிடையாது, விளக்கும் பஸ்ஸரும் மட்டும்தான். எஃப் மாடலில் அது கிட்டத்தட்ட 95 டிகிரியில்தான் வாய் திறக்கும். ஒரு சூட்டுமானியும் எக்ஸாஸ்ட் ஹோஸில் கட்டும் அலாரமும் சேர்ப்பது இந்த எஞ்சினுக்குச் செய்யும் மிக நல்ல செலவு, ஏனென்றால் தண்ணீர் நின்றதை ஹோஸ் முதலில் சொல்லும், கூலன்ட் பிறகுதான் சொல்லும்.

சோதனையின்போது எஞ்சின் உடனே பிடிக்காவிட்டால் சீகாக்கை மூடிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பிடித்ததும் திறங்கள். எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் தண்ணீரைத் தள்ளினால் அது சைலன்சர் தொட்டியில் நிறைந்து, சிலிண்டர் வரை ஏறிவிடும். சூட்டுப் பிரச்சினையைத் தேடப்போய் எஞ்சினையே முழுக வைத்த கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

வாங்கலாமா? எஃப் மாடல், எண்ணெய் சுத்தம், கியரில் 3400 தொடுகிறது, ‘ஹீட் ஆகுது’ என்பது மட்டும் குறை என்றால் தாராளமாக வாங்கலாம். எல்போ, இம்பெல்லர், பெல்ட், ஆனோட், பம்ப் மூடி என்று சில நூறு டாலரை விலையில் குறைத்துக் கேளுங்கள், அது நியாயமான பேரம். கடல்நீர் மாடல் என்றால் கிளாம்ப் சோதனையில் தேறினால் மட்டும், அதுவும் எஞ்சினுக்கு மதிப்பே போடாத விலையில். பார்க்கப் போகும் நாளில், முன்னதாக ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் முதலில் பிளாக்கில் கை வையுங்கள். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, படகைக் கட்டியபடியே கியரில் 2800ல் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். கை வைத்ததும் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.